முதல் நூறு மைல்: காற்றுக்கும் வயிற்றுக்கும் ஒரு கணக்கு

கேள்வி: "எனக்கு 38 வயது. பள்ளி ஆசிரியை. ஹைபிரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை போய்வருவேன், 50 கிலோமீட்டர் ஆகும். அதற்கு மேல் ஓட்டியதில்லை. பிப்ரவரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் நூறு மைல் ரைடுக்குத் தைரியமாகப் பெயர் கொடுத்துவிட்டேன். காலை 5 மணிக்குப் புறப்பாடு, 11 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இந்தச் சைக்கிளில் முடியுமா? கடைசியாக வந்து மானம் போகுமா? என்ன தயார் செய்ய வேண்டும்?"

முடியும். 50 கிலோமீட்டரை அலுப்பில்லாமல் ஓட்டுகிறவருக்குப் பத்து வாரம் தாராளம். நான் இந்தச் சாலையில் ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். நூறு மைலை முடிக்காமல் திரும்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், அதில் நானும் ஒருவன். கால் ஓய்ந்துபோய் விட்டவர்கள் ரொம்பக் குறைவு. வயிறு காலியாகி விட்டவர்கள், எதிர்காற்றில் மனசு உடைந்து விட்டவர்கள், சீட்டில் உட்கார முடியாமல் விட்டவர்கள்தான் அதிகம். அதனால் உங்கள் கவலையைக் காலிலிருந்து எடுத்துக் கொஞ்சம் வேறு பக்கம் வையுங்கள்.

முதலில் கடிகாரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நூறு மைல் என்றால் 160.9 கிலோமீட்டர். 11 மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் நிற்பதற்கு ஒதுக்கினால் ஓட்டுவதற்கு ஒன்பதரை மணி நேரம் இருக்கிறது. சைக்கிள் உருளும்போது மணிக்கு 17 கிலோமீட்டர் வந்தால் போதும். கோவளத்துக்குப் போகும்போது நீங்கள் 20-க்குக் குறையாமல்தான் ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். ஆக, வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. நின்று நின்று வீணாகும் நேரம்தான் பிரச்சினை. காபிக்கு 15 நிமிடம் என்று இறங்குவோம். போட்டோ, அரட்டை, யாரோ ஒருவருக்குப் பஞ்சர் என்று 40 நிமிடம் போய்விடும். அப்படி மூன்று முறை நின்றால் மிச்ச தூரத்தை வெயிலில் விரட்டி ஓட்ட வேண்டிவரும். ஆறு முறை நில்லுங்கள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். மிச்ச அரை மணி நேரம் பஞ்சருக்கும் எதிர்பாராத வேறு எதற்காவதும் இருக்கட்டும்.

கடைசியாக வருவதைப் பற்றி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கடைசி இடத்தில் இருப்பவருக்கு 'லாந்தர்ன் ரூஜ்' என்று ஒரு பெயர் உண்டு. சிவப்பு லாந்தர் என்று அர்த்தம், ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குமே, அந்த விளக்கு. அந்த இடத்துக்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். பாரிஸில் உள்ள ஒரு பழைய சைக்கிள் கிளப்பின் விதிப்படி உலகம் முழுக்க நடக்கும் 'பிரெவே' ரைடுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே கிடையாது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் முடித்ததுதான். எட்டு மணி நேரத்தில் வந்தவருக்கும், கெடு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தவருக்கும் ஒரே மரியாதை. உங்கள் ரைடும் பந்தயம் இல்லை. பத்தே முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாலும் மெடல் அதே மெடல்தான்.

சரி, ஹைபிரிட். பந்தயச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவான வகை. போதும். விற்றுவிட்டு 'ரோடு பைக்' எனும் மெல்லிய டயர் பந்தயச் சைக்கிளை வாங்கச் சொல்லும் நண்பர்கள் வருவார்கள், காதில் வாங்காதீர்கள். புதுச் சைக்கிளுக்கு உடம்பு பழகவே இரண்டு மாதம் பிடிக்கும். இருப்பதில் மூன்று மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயர் முள்முள்ளாக இருந்தால் கழற்றிவிட்டு, ரிம்முக்குப் பொருந்தும் 32 மில்லிமீட்டர் அளவில் வழவழப்பான டயர் போடுங்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை. ஹேண்டில்பாரின் இரு முனையிலும் கொம்பு மாதிரி ஒரு பிடி வைக்கலாம், 'பார் எண்ட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். எட்டு மணி நேரம் கையை ஒரே இடத்தில் வைத்திருந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது அது. பிடியை மாற்றிக்கொண்டே இருக்க இந்தக் கொம்பு உதவும். மூன்றாவது, சீட்டின் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பெரும்பாலோர் கால் தரையில் எட்ட வேண்டும் என்று சீட்டைத் தாழ வைத்துக்கொள்கிறார்கள். முழங்காலின் முன்பக்கம் வலிக்க முதல் காரணம் இதுதான்.

சீட் மேல் போடும் ஜெல் கவர் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் சதையெல்லாம் அதில் புதைந்து உரசும். அதற்குப் பதில் பெண்களுக்கென்று தைத்த, பேடிங் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் நல்லதாக ஒன்று வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அவதிப்பட்டவர்கள் உண்டு. உரசும் இடங்களில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். வேர்வையில் நனைந்த துணி 100 கிலோமீட்டருக்குப் பிறகு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

இங்கே ஒரு விஷயம். சென்னைக்காரர்கள், "நம்ம ஊர் ரோட்டில் மேடே இல்லை, 160 ஒன்றும் கஷ்டமில்லை" என்பார்கள். மேடு இல்லைதான், ஆனால் இறக்கமும் இல்லையே! ஏற்ற இறக்கம் உள்ள ஊரில் மேட்டில் எழுந்து நின்று மிதிப்பார்கள், இறக்கத்தில் காலை ஆறப்போடுவார்கள். சீட்டுக்கும் காலுக்கும் தானாகவே ஓய்வு கிடைத்துவிடும். நம் சாலையில் ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி மிதித்து, எட்டு மணி நேரம். அந்த ஓய்வை நீங்களாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கியரை ஒன்று கனமாக்கி, எழுந்து நின்று இருபது மிதி. பயிற்சியின்போதே இதைப் பழக்கமாக்கிவிடுங்கள். முதுகும் உங்களை வாழ்த்தும்.

பயிற்சியில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ரைடு: 60, 70, 80 என்று மூன்று வாரம் ஏற்றுங்கள். நான்காவது வாரம் 55-க்கு இறங்கிவிடுங்கள், உடம்பு தேறுவது அப்போதுதான். பிறகு 90, 105. மறுபடி 75-க்கு இறங்கி, எட்டாவது வாரம் 125. ஒன்பதாவது வாரம் 70. பத்தாவது வாரம் ரைடு. முன்கூட்டியே ஒரு முறை 160 ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வரும், வேண்டாம். 125-ஐத் தெம்பாக முடித்தவர் நல்ல சாப்பாட்டோடும் கூட்டத்தோடும் 160-ஐ முடித்துவிடுவார். நீண்ட ரைடு முழுவதும் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும் முன் வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் கிடைத்தால், ஒரு நாள் சும்மா உருட்டுங்கள். இன்னொரு நாள் ஐந்து நிமிடம் மூச்சு வாங்க, மூன்று நிமிடம் மெதுவாக என்று நான்கு முறை. மார்கழி வரை மழை குறுக்கிடும். ஒரு வாரம் போனால் போகட்டும், அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

இப்போது காற்று. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நம் முன்னோர் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு விட்டுவிட்டேன். சைக்கிளில் ஏறிய பிறகுதான் அந்த நான்கு பெயரும் உயிரோடு எதிரே வந்து நின்றன. நம் கடற்கரைச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. கார்த்திகையிலிருந்து தை வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். பிப்ரவரியில் அது தளர்ந்து கிழக்குப் பக்கம் சாயும், ஆனாலும் முன்பகல் ஆனதும் கடல்காற்று எழும்பிவிடும். தெற்கே போகும்போது முதுகைத் தள்ளும் காற்று, திரும்பி வடக்கே வரும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பங்குனி, சித்திரையில் இது தலைகீழ்.

என் முதல் முயற்சி ஒரு தை மாதத்தில். கூவத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் 80-வது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும். போகும்போது சராசரி 26. என் கால்கள் இத்தனை வலுவானவை என்று அன்றுவரை எனக்கே தெரியாது! மூன்று மணி நேரம் சொச்சத்தில் போய்ச் சேர்ந்து, "மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடுவேன்" என்று வீட்டுக்குப் போன் செய்தேன். அந்தச் சந்தோஷத்தில் நெய் மிதக்கும் பொங்கல் இரண்டு தட்டு, மேலே ஒரு வடை. திரும்பி நூறு மீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டேன், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்த்தேன். பிரேக்கில் ஒன்றும் இல்லை. அதுவரை நான் ஓட்டியதில் பாதி, காற்று ஓட்டியது. 26 இருந்த இடத்தில் 14. பொங்கல் கண்ணைச் சொருகியது, பிறகு இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. மாமல்லபுரத்தை நெருங்கும்போது 117-வது கிலோமீட்டர். ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நண்பன் கார் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான்.

இதில் கணக்கும் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் இருமடியாக ஏறும். காற்றே இல்லாத நாளில் 20-ல் ஓட்டினால் உங்கள் முகத்தில் படுவது 20 கிலோமீட்டர் வேகக் காற்று. எதிரே 15 கிலோமீட்டர் காற்று அடிக்கும்போது அதே 20-ஐப் பிடித்தால் முகத்தில் படுவது 35. எதிர்ப்பு மூன்று மடங்கு. போகும்போது மிச்சம் பிடித்த நேரம் திரும்பும்போது சரிக்குச் சரி ஆகிவிடும் என்று மனசு சொல்லும், ஆகாது. போக 80 கிலோமீட்டருக்கு 26-ல் மூன்று மணி 5 நிமிடம், வர 15-ல் ஐந்து மணி 20 நிமிடம். ஆகவே எதிர்காற்றில் வேகத்தைக் காட்டும் மீட்டரைப் பார்க்காதீர்கள். கியரை இலகுவாக்குங்கள், முழங்கையை மடக்கி நெஞ்சைத் தாழ்த்துங்கள், மூச்சு ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எண் 14 என்று காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும்.

காற்று எப்படி அடிக்கிறது என்று சாலையே சொல்லும். முட்டுக்காடு பாலத்தில் கொடி பறந்தால் பாருங்கள். கல்பாக்கத்தைத் தாண்டினால் சவுக்குத் தோப்புகள் வரும், அவை காற்றை மறைத்துக்கொள்ளும். தோப்பு முடிகிற இடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு அடி விழும், எதிர்பார்த்து ஓட்டினால் தடுமாற மாட்டீர்கள். சவுக்கின் இரைச்சலைக் கேட்டே அன்றைய காற்றை எடைபோடலாம். பாலாற்றுப் பாலத்தில் ஒதுங்க இடமே இல்லை. இங்கே லாரியிடம் கவனம் வேண்டும். வடக்கே வரும்போது வலது பக்கமிருந்து அடிக்கும் காற்றுக்கு ஈடாக நம்மை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டிக்கொண்டிருப்போம். லாரி முந்தும்போது காற்றை ஒரு நொடி மறைத்துவிடும், அந்த நொடியில் சைக்கிள் லாரியை நோக்கிச் சாயும். பின்னால் லாரிச் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் பிடித்து, இடது ஓரத்தில் ஒரு முழம் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு நல்ல மருந்து இன்னொருவர் முதுகு. முன்னால் போகிறவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஒட்டிப்போனால் கால்வாசி உழைப்பு மிச்சமாகும், எதிர்காற்றில் அதற்கும் மேல். ஆனால் பழகாமல் முதல் முறையாக ரைடு அன்றைக்கு முயலாதீர்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது, அவர் சற்று விலகினால் விழுவது நீங்கள்தான். பள்ளத்தைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும், திடீர் பிரேக் கூடாது. பயிற்சி ரைடுகளில் இரண்டு மூன்று பேரோடு ஓட்டிப் பழகுங்கள். ரைடு அன்று காலை 28-ல் பறக்கும் கூட்டம் ஒன்று உங்களைத் தாண்டும். கூட ஒட்டிக்கொள்ளத் தோன்றும். போகட்டும் விடுங்கள். அதில் பாதிப் பேரைப் பிற்பகலில் எங்காவது மர நிழலில் பார்ப்பீர்கள்.

அடுத்தது வயிறு. உடம்பு தசையிலும் ஈரலிலுமாகச் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம் அளவு. நூறு மைலுக்கு எடையையும் காற்றையும் பொறுத்து 3,000 கலோரிக்கு மேல் செலவாகும். மெதுவாக ஓட்டும்வரை கொழுப்பு பெரும் பங்கைத் தாங்கும், ஆனாலும் மாவுச்சத்து கரைந்துகொண்டேதான் இருக்கும். அது தீர்ந்தால் வருவதுதான் சைக்கிள்காரர்கள் 'போங்க்' என்று சொல்வது. கண் மங்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். வந்த பிறகு சாப்பிட்டுத் தேற அரை மணி நேரமாவது ஆகும். வராமல் பார்த்துக்கொள்ள மணிக்கு 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசிக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் அரை மணியிலிருந்தே, வேண்டாவெறுப்பாக இருந்தாலும், அலாரம் வைத்துச் சாப்பிடுங்கள்.

இதற்கு வெளிநாட்டு ஜெல் எதுவும் தேவையில்லை. பெரிய மோரிஸ் வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம். சிறிய பேரீச்சம்பழம் நான்கு இருந்தால் அதே அளவு. கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் கொழுப்பும் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும், முதல் பாதியில் தின்று முடித்துவிடுங்கள். என் பாட்டிலில் இருப்பது பானகம். முக்கால் லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்கு, கால் டீஸ்பூன் உப்பு. கடையில் விற்கும் விளையாட்டு வீரர் பானங்களில் சர்க்கரை 6 முதல் 8 சதவீதம் இருக்கும், இதுவும் அதே அடர்த்திதான். வெல்லத்தில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், அது குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரியும். இரண்டையும் குடல் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே வாங்குவதால் தனிக் குளுக்கோஸைவிட அதிகம் ஏறும். ராமநவமிக்குப் பானகம் கரைத்தவர்கள் குடலின் வாசலை எண்ணிப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் வெயிலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். வெல்லத்தை நன்றாக வடிகட்டுங்கள், மண் இருந்தால் பாட்டில் மூடி அடைத்துக்கொள்ளும்.

காலை மூன்றரைக்கு எழுந்து நான்கு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. சட்னி, சாம்பார் கொஞ்சமாக. வழியில் இன்னொரு முறை இட்லியோ தயிர்சாதமோ நான்கு வாய் சாப்பிடலாம். பொங்கல், பூரி, பரோட்டா பக்கம் போகாதீர்கள், என் கதை தெரியுமல்லவா? ரைடு அன்று சாப்பிடப் போகும் எதையும் பயிற்சியில் ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை. உங்களுக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிய ஒரு எளிய வழி: இரண்டு மணி நேர ரைடுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. எடை கூடினால் அதிகமாகக் குடிக்கிறீர்கள். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், மோசமானால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் சோர்ந்த மாதிரியே தெரிவதால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அதுதான் கொடுமை. எனவே ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், ஒரு பாட்டில் உப்பு சேர்ந்தது. இளநீர் அருமையானதுதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், வேர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோர் அந்த வகையில் இளநீரைவிட மேல். மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் வாங்கினால் உலக சுகாதார நிறுவன வாய்பாடு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். அது உப்புக்குத்தான், அதையே சாப்பாடாக நினைத்துவிடக் கூடாது. பழச்சுவையோடு டப்பாவில் வருகிறவற்றில் பெரும்பாலும் சர்க்கரை தூக்கல், உப்பு குறைவு.

பெண்கள் பலர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். கூட ஓட்டும் தோழிகள் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. செய்யாதீர்கள். 30 கிலோமீட்டருக்கு ஒரு இடம் என்று முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: பெட்ரோல் பங்க், மாமல்லபுரத்தை ஒட்டிய பெரிய ஓட்டல்கள், கல்பாக்கம். 80 முதல் 125 வரை ஓட்டும் பயிற்சி நாட்களில் எது திறந்திருக்கிறது, எது சுத்தமாக இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடலாம். உதவிக்கு வரும் சப்போர்ட் வண்டி எங்கெங்கே நிற்கும் என்றும் நடத்துகிறவர்களிடம் கேட்டுவையுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். வெயிலில் நீர் வற்றிய நேரத்தில் இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைச் சோதிக்கும். நெஞ்சில் இறுக்கம், வெயிலில் குளிர் நடுக்கம், பேச்சு குழறல் இதில் எது வந்தாலும் அங்கேயே நிழலில் நிறுத்தி உதவி கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸ் ஊரில் 1982-லிருந்து ஆகஸ்ட் வெயிலில் ஒரு நூறு மைல் ரைடு நடக்கிறது. ஊருக்கு நூறாவது வயது, நூறு டிகிரி ஃபாரன்ஹீட், நூறு மைல் என்று தொடங்கியது. அங்கே பாதி தாண்டி ஓர் இடத்துக்குப் பெயர் 'நரக வாசல்'. குறித்த நேரத்துக்குள் அதைக் கடக்காதவரை நூறு மைல் பாதையில் விட மாட்டார்கள், குறுக்குவழியாகத் திருப்பிவிடுவார்கள். கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள், ஆனால் அந்த வெயிலில் அது கருணைதான். நம் பிப்ரவரி அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் பதினொரு மணிக்குப் பிறகு தார் ரோட்டில் நிழல் கிடையாது. முழுக்கைச் சட்டை போடுங்கள்.

பஞ்சர் போடத் தெரிய வேண்டும். ட்யூப் மாற்ற வீட்டில் ஐந்து முறை பழகுங்கள், பின்சக்கரத்தில் பழகுங்கள். இந்தச் சாலையில் வில்லன் கண்ணாடியைவிட லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய கம்பி. டயருக்குள் விரல்விட்டு அது இன்னும் குத்திக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் புது ட்யூபைப் போட்டால் அதுவும் போய்விடும். இரண்டு ட்யூப், டயர் நெம்பி இரண்டு, பம்பு. உங்கள் ட்யூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் சாலையோரப் பஞ்சர் கடைக் குழாய் அதில் மாட்டாது. அதற்கென்று சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும், சில்லறைக் காசுக்கு. வாங்கிப் பையில் போட்டுவையுங்கள், என்றாவது ஒரு நாள் மானத்தைக் காப்பாற்றும்.

விளக்கு. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பிப்ரவரியில் விடிய ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மேலே ஒளி திருப்பும் சட்டை. ஞாயிறு அதிகாலையில் அக்கரை, உத்தண்டிப் பக்கம் எதிரே வரும் கார்களில் சில சனிக்கிழமை இரவைக் கொண்டாடி முடித்துத் திரும்புகிறவை, அவர்கள் உங்களைப் பார்த்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். போலீஸ் தடுப்புகளுக்கு நடுவே வேகமாக நுழையாதீர்கள், கடல் மணல் படிந்த ஓரத்தில் பிரேக்கை அழுத்தாதீர்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிற இடங்களில் ஜல்லி கிடக்கும். நாய் துரத்தினால் விரட்டி மிதிப்பதைவிட இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது எனக்கு எப்போதும் பலித்திருக்கிறது. நின்ற சைக்கிளில் நாய்க்குச் சுவாரசியம் போய்விடுகிறது.

அன்றைய தினத்தை நீங்கள் இப்படி ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. திரும்பும் இடம்வரை, இவ்வளவு மெதுவாகப் போகிறோமே என்று வெட்கம் வரும் வேகத்தில். காற்று பின்னால் தள்ளினால் வேகத்தைக் கூட்டாமல் உழைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் இடத்தில் உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டு, பாட்டிலை நிரப்பி, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். 110-லிருந்து 130 வரை கொஞ்சம் மோசமாக இருக்கும், எல்லோருக்கும் இருக்கும். போன தூரமும் அலுத்திருக்கும், மிச்ச தூரமும் அதிகமாகத் தெரியும். அந்த நேரத்தில் வரும் எண்ணம் எதையும் நம்பாமல் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள், இருபது நிமிடம் கழித்து மறுபடி யோசியுங்கள். முட்டுக்காடு பாலம் மறுபடி கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் வாராவாரம் ஓட்டும் ரோடு வந்துவிட்டது. கடைசி இருபது கிலோமீட்டரில் ஞாயிறு மதியக் கார்க் கூட்டம் இருக்கும், அவசரப்படாதீர்கள்.

முடித்ததும் உடனே படுக்காதீர்கள். தயிர்சாதமோ முட்டையோ எது பிடிக்கிறதோ அதை ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். வீட்டுக்குக் காரை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள், சிக்னலில் தூங்கிவிடுவீர்கள். அப்புறம், திங்கட்கிழமை முதல் பீரியடை யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு மாடியில் இருந்தால் ஏறுவது சுலபம்தான், இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்க வேண்டியிருக்கும், பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள்.